சபையும் ஒத்திகையும்: பேத்திக்கு ஒரு கடிதம்

வத்தலக்குண்டு

அன்புள்ள பேத்திக்கு,

கோடைக்கானலில் உன்னோடு படிக்கும் பிள்ளைகளும், வில்பட்டியிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் தினந்தோறும் பஸ் ஏறி வந்து படித்துப் போகும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஒரு நாடகக் குழு தொடங்க உத்தேசித்திருப்பதாகவும், மலைக் கிராமங்களுக்குப் போய் அங்குள்ள ஜனங்களுக்கு நாடகம் போட்டுக் காட்ட விரும்புவதாகவும் எழுதி, முதலில் எந்த நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தாய். நாடகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உங்கள் குழுவை யார், எந்த முறையில், யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நடத்தப் போகிறீர்கள் என்பதை அதற்கு முன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நடிப்பு வராததால் கலைந்துபோன குழுக்களைக் காட்டிலும், கணக்கு எழுதாததாலும், வேடம் பங்கிட்டதில் ஏற்பட்ட மனத்தாங்கலாலும் கலைந்துபோன குழுக்களையே நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

மாணவர்கள் கூடி நாடக சபை ஏற்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1891-ஆம் வருஷத்தில் பல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாசார்லு தம்முடைய சரச விநோதினி சபையாரோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார். தமிழ் நாடக மேடையை அதுவரை இளக்காரமாகவே எண்ணி வளர்ந்திருந்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர், படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் கூச்சமின்றி வேடம் புனைந்து மேடையேறியதைக் கண்டு மனம் மாறி, தமிழிலும் இப்படி ஒரு சபை வேண்டும் என்று நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, அதே வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். அவர் எழுதிய நாடகங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; அவரும் அவர் நண்பர்களும் அமைத்த ஸ்தாபனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ அந்த ஸ்தாபனமே பெரிய படைப்பாகத் தோன்றுகிறது. அங்கத்தினர்கள் சந்தா கட்டினார்கள். நிர்வாக சபை ஒன்று காரியங்களைக் கவனித்தது. காரியதரிசி, பொக்கிஷதார் என்று பொறுப்புகள் பிரிந்திருந்தன. நாடகத்தைப் பயிற்றுவித்து நடத்துகிறவருக்குக் கண்டக்டர் என்று தனிப் பதவி இருந்தது. நடிக்கிறவர் எவரும் கூலிக்கு நடிக்கவில்லை. தமிழோடு தெலுங்கு முதலான பிற பாஷைகளிலும் நாடகம் ஆடி, இலங்கை வரைக்கும் போய் வந்து, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வேடம் கட்டிய மேடையாக வளர்ந்து, மவுண்ட் ரோடில் சொந்தக் கட்டடமும் கண்ட அந்தச் சபை, தோற்றுவித்தவர் 1964-இல் காலமான பின்னரும் பெயர் அழியாமல் இருந்ததென்றால், அது ஒரு மனிதரின் திறமையை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பது தெளிவு.

இதற்கு நேர்மாறான முறையும் நம் நாட்டில் இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், பிள்ளைகள் கம்பெனியிலேயே தங்கி, கம்பெனிச் சாப்பாட்டையே சாப்பிட்டு, வாத்தியார் சொல்லே வேதமென்று பாட்டும் வசனமும் பாடம் பண்ணினார்கள். அந்தப் பயிற்சியின் கடுமையிலிருந்துதான் டி.கே.எஸ். சகோதரர்களைப் போன்ற மகா நடிகர்கள் தோன்றினார்கள். அந்தக் கடுமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பொதுவாக அந்தக் கம்பெனிகளில் கலைக்கும் பிழைப்புக்கும் பணத்துக்கும் ஒருவரே எஜமானர். பிள்ளைகளுக்கு அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. மனம் ஒவ்வாதவர்கள் பிரிந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு வேண்டியது, வாத்தியாரின் ஒத்திகைக் கட்டுப்பாடும் சுகுண விலாச சபையின் குடியாட்சியும் ஒருசேர அமைந்த முறை.

ஆகவே, சபையின் அதிகாரத்தையும் ஒத்திகையின் அதிகாரத்தையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைப்பதே உங்கள் முதல் விதியாக இருக்கட்டும். எந்த நாடகத்தை ஆடுவது, எவ்வளவு செலவிடுவது, எந்தக் கிராமத்துக்குப் போவது, யாரை இயக்குநராக நியமிப்பது என்பவையெல்லாம் அங்கத்தினர் அனைவரும் கூடிய பொதுக்குழுவில் பேசி, கை தூக்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவை. ஆனால் அப்படி நியமனம் பெற்ற இயக்குநர் ஒத்திகைக்கு வந்து நின்றுவிட்டால், நடிகன் நிற்கும் இடத்துக்கோ குரலின் ஏற்ற இறக்கத்துக்கோ ஓட்டெடுப்பு கிடையாது. சபைக்குத் தலைவராக இருப்பவர் நாடகத்தில் சேவகன் வேடம் கட்டியிருந்தால், அங்கே அவர் சேவகனாகவே நின்று சொன்னபடி செய்யவேண்டும். இயக்குநரிடம் குறை கண்டவர்கள் அதை ஒத்திகையில் சொல்லாமல், வாரம் ஒருமுறை கூடும் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுக்கட்டும். செயற்குழு அவரை அழைத்துப் பேசலாம். அடுத்த நாடகத்துக்கு வேறொருவரை நியமிக்கும்படி பொதுக்குழுவுக்குச் சிபாரிசு செய்யலாம். ஒழுக்கக் கேடு ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒத்திகையின் நடுவில் இயக்குநரை மாற்றக் கூடாது.

வேடப் பங்கீடுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம். சிநேகிதிக்குக் கதாநாயகி வேடம் கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், அந்த வருஷம் முழுவதும் அது தீராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் விரும்புகிறவர்கள் எல்லோரும் அனைவர் முன்னிலையிலும் ஒருதரம் படித்துக் காட்டட்டும். பிறகு இயக்குநரும், அந்த நாடகத்தில் வேடம் கேட்காத இரண்டு அங்கத்தினரும் தனியே உட்கார்ந்து முடிவு செய்து, பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடட்டும். முக்கிய வேடம் ஒவ்வொன்றுக்கும் மாற்றாள் ஒருவர் வசனம் பாடம் பண்ணியிருக்கவேண்டும். பரீட்சையும் ஜுரமும் வீட்டுக் கல்யாணமும் நாடகத் தேதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை அல்லவா?

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எந்தச் சங்கத்திலும் அவர்கள் வேலை ஒன்றேதான். நாடகக் குழுவுக்கே உரிய உத்தியோகம் மேடை நிர்வாகி. சத்தம் போடாமல் வேலை செய்கிற, கையெழுத்து நன்றாக உள்ள ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்து அந்தப் பொறுப்பைக் கொடு. அந்தப் பிள்ளையின் நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் இருக்கவேண்டும்: முதல் காட்சி, இடப்பக்கம் மண்பானை ஒன்று, வலப்பக்கம் கயிற்றுக் கட்டில், கட்டிலின் மேல் மடித்த கம்பளி, சேவகன் மடியில் ஓலை. நாடகம் முடிந்ததும் அதே பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு சாமானாக எண்ணித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகே அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். இரவல் வாங்கிய புடவையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுப்பதும் அதில் அடக்கம். அதைச் சரியாகச் செய்கிற குழுவுக்கு மறுமுறை புடவை தர எந்த வீட்டிலும் மறுக்கமாட்டார்கள்.

இனி, பணம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதச் சந்தா கட்டவேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கஷ்டமில்லாத சிறு தொகையாக இருக்கட்டும், ஆனால் ஒருவருக்கும் விலக்கு வேண்டாம். பாங்குக் கணக்கு இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாததாக இருக்கவேண்டும். சணல் கயிறு, ஊக்கு, முகப்பூச்சு, வேன் வாடகை என்று வரிவரியாக, ரசீதோடு, அன்றைய செலவை அன்றைக்கே எழுதவேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும். கிராமத்தில் டிக்கெட் வைக்காதீர்கள். கல்கத்தாவில் நாடகாசிரியர் பாதல் சர்க்கார் தம்முடைய சதாப்தி குழுவைக் கட்டணமின்றி நடத்தி, பார்க்க வந்தவர்கள் மனமுவந்து கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார். மேடையும் திரையும் விளக்கு ஜோடனையும் வேண்டாமென்று செலவையே சுருக்கிக்கொண்டவருக்கு அது சாத்தியமாயிற்று. நீங்களும் நாடகம் முடிந்ததும் துண்டை விரித்துப் பிடித்தால் போதும். விழுந்த பணத்தை அங்கேயே, அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, தொகையை உரக்கச் சொல்லிவிட்டுப் பையில் போடுங்கள்.

மாணவர் குழுவுக்கு மற்ற எந்தச் சங்கத்துக்கும் இல்லாத ஒரு பலவீனம் உண்டு. நன்றாக நடிக்கவும் நடத்தவும் கற்றுக்கொண்ட அதே வருஷத்தில் பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். இதற்கு நீங்கள் இன்றைக்கே வழி செய்துகொள்ளவேண்டும். கடைசி வருஷ மாணவர் யாரும் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கக் கூடாது என்றும், ஒவ்வொரு பதவிக்கும் கீழ்வகுப்புப் பிள்ளை ஒருவர் துணையாக இருந்து வேலை கற்கவேண்டும் என்றும், தேர்தல் முடிந்ததும் பழையவர்கள் புதியவர்களோடு உட்கார்ந்து தீர்மானப் புத்தகம், கணக்குப் புத்தகம், சாமான் பட்டியல், பெட்டிச் சாவி ஆகியவற்றைப் பார்த்து ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளவேண்டும் என்றும் விதி எழுதிவிடு. படிப்பு முடிந்து போனவர்கள் ஆலோசனை சொல்லலாம், சந்தா அனுப்பலாம். ஓட்டு அவர்களுக்கு வேண்டாம். ஆசிரியர்களுக்கும், என்னைப் போன்ற கிழவர்களுக்கும் அப்படியே.

பயிற்சிக்குப் பெரியவர்களை அழைப்பது வேறு, குழுவை அவர்கள் கையில் கொடுத்துவிடுவது வேறு. கோடைக்கானல் மலையின் கீழ்த்திசையில், சின்னாளபட்டிக்குப் பக்கத்திலுள்ள காந்திகிராமத்தில், 1977-இல் தில்லி தேசிய நாடகப் பள்ளியின் உதவியோடு, பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நீண்ட நாடகப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. நவீனத் தமிழ் நாடகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதைச் சொல்லாமல் மேலே போவதில்லை. முகாம் முகாமாகவே முடிந்துபோயிற்று. ஆனால் அதில் பயின்ற மு. இராமசுவாமி மதுரைக்குத் திரும்பி 1978-இல் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியதுபோல, கற்றவர்கள் தத்தம் ஊரில் தாங்களே குழு கட்டியதால்தான் கற்ற கல்வி மேடையேறியது. அப்படிப்பட்டவர்கள் யாரேனும் உங்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுக்க இசைந்தால், நன்றியோடு வரவேற்று, கற்றுக்கொண்டு, வழியனுப்பிவிட்டுப் பழையபடி உங்கள் பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.

மலைக்கென்று சில விதிகள் தனியாக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி ரோட்டில் மண் சரியும். மே மாதத்தில் ஊர் முழுவதும் வெளியூர்க் கூட்டம், உங்களில் பாதிப் பேர் கடைகளில் வேலைக்குப் போய்விடுவீர்கள். ஆதலால் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் நாடகத்துக்கென்று வைத்துக்கொண்டு, மழைக்காலத்தை வசனம் பாடம் பண்ணுவதற்கு ஒதுக்குங்கள். கடைசி பஸ்ஸுக்கு அரைமணி நேரம் முன்பாக ஒத்திகை நிற்கவேண்டும். இயக்குநரே விரும்பினாலும் நீட்டிக்க அதிகாரம் கிடையாது. செயற்குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும். சுகுண விலாச சபையின் ஆரம்ப காலத்தில் பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். இன்றைக்கு ஒரு பெண் மேடையேறத் தடையாக நிற்பது பெரும்பாலும் அவள் இரவில் வீடு திரும்பும் வழி. அந்த வழிக்கு ஏற்பாடு செய்வது அவள் தகப்பனாரின் கவலையாக மட்டும் இராமல் குழுவின் கடமையாக எழுத்தில் இருக்கவேண்டும்.

பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ கவுஞ்சிக்கோ போவதாயிருந்தால், இருவர் முன்கூட்டியே போய் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு, இன்ன நாடகம், இவ்வளவு நேரம், இன்ன இடம் என்று சொல்லிச் சம்மதம் பெற்று வரட்டும்; பூண்டு அறுவடை நடக்கும் வாரமா, அந்த ஊரில் துக்கம் ஏதேனும் உண்டா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஒரு காலத்தில் நாடகப் பிரதியைப் போலீசாரிடம் முன்னதாகக் கொடுத்து அனுமதி பெறவேண்டியிருந்தது. அதற்கு ஆதாரமாயிருந்த 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தை எதிர்த்துப் பரீக்ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அந்தச் சுதந்திரத்தை ஒரு நாடகக்காரர் வருஷக்கணக்காக வழக்காடி வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பதை உன் தோழர்களுக்குச் சொல். மைக் செட் வைப்பதற்கு அனுமதி வாங்குவது வேறு விஷயம்; அதைச் செயலாளர் மறக்கக் கூடாது. நாடகம் எழுதியவருடைய சம்மதத்தையும் கடிதமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். குழு பெருத்துப் பணம் புழங்கத் தொடங்கினால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுக்குக் கேட்கும் விதித்தொகுப்பு உங்களிடம் முன்பே தயாராக இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டி, ஒவ்வொரு விதியாக வாதம் செய்து, வேண்டாததை அடித்து, வேண்டியதைச் சேர்த்து, எல்லோரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பு. அது கிடைத்த பிறகு நாடகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாத்தா