ஐந்து ஒலிம்பிக் கண்ட வீராங்கனை

கைப்பந்து என்றதும் நம் கல்லூரி நண்பர்கள் வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் வாலிபாலையே நினைப்பர். நான் எழுத எடுத்துக்கொண்டது அதுவன்று. ஹேண்ட்பால் என்னும் வேறோர் ஆட்டம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் பக்கத்திற்கு எழுவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. கோல் காப்பாளரைத் தவிர எவரும் 6 மீட்டர் கோட்டுக்குள் காலூன்றக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிந்துவிடலாம். இயற்பியல் மாணவியாகிய எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. எம்பியவர் தரைக்குத் திரும்ப ஏறத்தாழ அரை நொடிதான். கோல் பிறப்பது அதற்குள்.

இந்த ஆட்டத்தில் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற முதல் பெண் தென்கொரியாவின் ஓ சோங்-ஓக். ‘ஓ’ என்பது குடும்பப் பெயர். 1972இல் பிறந்தவர். நடுவில் நின்று, பந்தைப் பகிர்ந்து, ஆட்டத்தை நடத்திச் செல்வது அவர் பணி.

1992 பார்சிலோனா ஒலிம்பிக் இறுதியில் நார்வேயை 28–21 என வென்று கொரியா தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 19. உயரத்தில் மிஞ்சிய ஐரோப்பியப் பெண்களைக் கொரியர் வேகத்தால் வென்றனர். 1995இல் உலகச் சாம்பியன் பட்டமும் வந்தது. இத்துடன் நின்றிருந்தால் நல்லதொரு வெற்றிக் கதையாக எழுதி முடித்திருப்பேன்.

பிறகு டென்மார்க் குறுக்கே வந்தது. 1996 அட்லாண்டா இறுதியில் கூடுதல் நேரம் வரை போராடி 33–37 எனத் தோல்வி. 2000 சிட்னியில் அரையிறுதியில் அதே டென்மார்க்; வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நார்வேயிடம் ஒரே கோலில் தோல்வி. 2004 ஏதென்ஸ் இறுதியிலும் டென்மார்க்தான். கூடுதல் நேரம் இருமுறை தந்தும் 34–34 என்று சமன். கடைசியில் 7 மீட்டர் எறிதலில் 2–4 எனப் பறிபோயிற்று. மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் டென்மார்க்குக்கே.

“ஜெயித்தவர்களைப் பற்றி எழுதக் கூடாதா?” என்று என் அம்மா கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான்; என் பெயர் அச்சில் வரும் கட்டுரை வெற்றியைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஏதென்ஸ் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “அப்புறமும் ஆட வந்தாளா?” என்றார்.

வந்தார். கொரியாவில் ஹேண்ட்பாலுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை, ஒலிம்பிக் காலத்தில்தான் கூட்டம். மற்ற நாட்களில் இருக்கைகள் காலி. ஓ சோங்-ஓக் ஆஸ்திரியா சென்று ஹிப்போ என்னும் கழகத்துக்கு ஆடினார். ஏதென்ஸ் தோல்வியைக் கருவாகக் கொண்டு 2008 ஜனவரியில் வெளிவந்த கொரியத் திரைப்படத்தைச் சுமார் 40 லட்சம் பேர் பார்த்தனர். அவர்களில் பாதிப் பேராவது உள்ளூர்ப் போட்டிகளுக்கு வந்திருக்கலாகாதா என்று தோன்றுகிறது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்ஜிங். நார்வேயுடன் அரையிறுதி. சில நொடிகளே மீதமிருக்கக் கொரியா 28–28 எனச் சமன் செய்தது. நார்வே உடனே பந்தை எடுத்து ஓட, குரோ ஹாமர்செங் எறிந்தார்; பந்து வலைக்குள் போயிற்று. கேள்வி ஒன்றே: நேரம் முடியுமுன் பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததா? நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு மீட்டரைக் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்த இடைவெளியைக் கண்ணால் அளக்க எந்த நடுவராலும் ஆகாது என்பது என் கருத்து. கோல் செல்லும் என்றனர். கொரியா முறையிட்டது, முறையீடு தள்ளுபடியாயிற்று. மீண்டும் ஒரு கோல்!

இரு நாள் கழித்து வெண்கலத்துக்காக ஹங்கேரியுடன் ஆட்டம். முடிய ஒரு நிமிடமே இருக்க, கொரியா ஐந்து கோல் முன்னிலையில் இருந்தது. வெற்றி உறுதியான நிலையில் பயிற்சியாளர் இம் யோங்-சோல் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டார். எதற்கென்று பார்த்தவர்க்குப் புரிந்திராது. மூத்தவர்களுக்கு இது கடைசி ஒலிம்பிக், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இளையவர்களிடம் கூறி அவர்களை அமரச் செய்து, மூத்தவர்களைக் களத்துக்கு அனுப்பினார்.

35 வயது ஓ சோங்-ஓக்கும் களத்தில் இறங்கினார். 33–28 என ஆட்டம் முடிந்தபோது பதினாறு ஆண்டுகளுக்கு முன் பார்சிலோனாவில் ஆடிய அதே பெண் களத்தில் நின்றார்.