கழுத்துத் தமனிப் புடைப்பும் மூளைப் படமும்

நோய் இருப்பது கழுத்தில். மருத்துவர் படம் எடுப்பதோ மூளையை. இஃது எற்றுக்கு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நமது மூளை உடலின் எடையில் ஏறத்தாழ 50-ல் ஒரு பங்கே. ஆயினும் இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய 7-ல் ஒரு பங்கு அதற்குச் செல்கின்றது. அதனைக் கொணர்வன கழுத்தின் முன்புறத்தே இருமருங்கும் ஏறும் கரோட்டிட் தமனிகள் இரண்டும், முள்ளெலும்பின் வழியே ஏறும் தமனிகள் இரண்டுமாம். இந்நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. 1664-ம் ஆண்டில் அதனை விளக்கி நூல் வெளியிட்ட தாமஸ் வில்லிஸ் என்பாரது பெயரால் அவ்வளையம் வழங்குகின்றது.

கரோட்டிட் தமனியின் சுவர் நலிந்து பைபோற் புடைத்தல் அரிதாக நிகழும் ஒரு நோய். புடைப்பு வெடித்துவிடுமோ என அஞ்சுதல் இயல்பே. ஆயின் பெரிதும் அஞ்சத்தக்கது பிறிதொன்று. பையினுள் இரத்தம் தேங்கி உறைகின்றது. அவ்வுறைவின் துணுக்குகள் பெயர்ந்து மேலேறி மூளையின் நாளங்களை அடைக்கின்றன. இடப்புறத்துத் துணுக்காயின், வலக்கை சோரும், பேச்சும் குழறும். சில நிமிஷங்களில் இவை நீங்கினும், அபாயம் நீங்கிற்றென்று வாளாவிருத்தல் தகாது.

இத்தீங்கைக் காட்டுவனவே மூளைப் படங்கள். ஹௌன்ஸ்பீல்டு அமைத்த கருவியால் 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. ஸி.டி. எனப்படும் அப்படம் இரத்தக் கசிவை விரைவிற் காட்டும். புதிய அடைப்பின் விளைவையோ முதற் சில மணி நேரம் காட்டாதிருத்தலும் உண்டு. காந்த அதிர்வுப் படத்தின் ஒரு வகை, திசுவினுள் நீரணுக்களின் இயக்கம் தடைப்படுதலைக் கொண்டு, அவ்விளைவை வெண்புள்ளியாக விரைவிலேயே காட்டும். நோயாளி உணராத சிறு சேதமும் அதில் புலப்படும். அப்புள்ளிகள் யாவும் ஒரே தமனியின் எல்லைக்குள் அமையின், அத்தமனியே அவற்றின் பிறப்பிடமாதல் கூடுமென ஊகிக்கலாம்.

இனி, அத்தமனியை அடைத்துவிடலாமோ எனின், 1808-ல் ஆஸ்ட்லி கூப்பர் அதனைக் கட்டிச் சிகிச்சை செய்த ஒருவர் 1821 வரை வாழ்ந்தார். ஏனைத் தமனிகள் மூளையைப் புரந்தன. ஆயின் மேற்கூறிய வளையம் எல்லார்க்கும் முழுமையாக அமைவதன்று. ஆதலின் இக்காலத்தார் வளையத்தையும் படத்திற் கண்டு, தமனியைச் சிறிது நேரம் அடைத்துச் சோதித்த பின்னரே துணிவர்; இயலுமாயின் இரத்த ஓட்டம் குன்றாதவாறு தமனியைச் செப்பனிடுதலையே விரும்புவர்.

கழுத்தில் துடிக்கும் கட்டியைச் சீழ்க்கட்டியெனக் கருதிக் கீறுதல் உயிர்க்கே இறுதியாகலாம். கழுத்தின் நோயை மூளையோடு சேர்த்து நோக்குதலே அறிவுடைமை என்பது இதனால் விளங்கும்.