விக்டோரியா அல்லி

நம் ஊர்க் குளங்களில் மலரும் அல்லியை நாம் அறிவோம். அதன் இலை சிறு தட்டுப்போல நீர்மேல் படிந்து கிடக்கும். அவ்வல்லியின் குடும்பத்தைச் சேர்ந்ததே விக்டோரியா அல்லியும். ஆனால், இதன் இலையோ ஆறு அடிக்கு மேலும் அகன்று வளர்வது. ஒரு சிறு குழந்தையைத் தாங்க வல்லது. தென் அமெரிக்காவின் வெப்பம் மிகுந்த நீர்நிலைகளே இதன் தாயகம். இச்செடியைக் குளிர்நாடு ஒன்றில் வளர்த்துப் பூக்கவைத்தவரின் வரலாறு நாம் அறியத் தக்கதாகும்.

அமேசான் ஆற்றங்கரை வாழும் பழங்குடி மக்கள் இவ்வல்லியை நெடுங்காலமாக அறிவர். 1837ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, ஷோம்பர்க்கு என்னும் ஆராய்ச்சியாளர் கயானா நாட்டின் பெர்பீசு ஆற்றில் படகேறிச் சென்றபோது இதனைக் கண்டு வியந்தார். அச்செய்தி இங்கிலாந்தை எட்டியது. அவ்வாண்டில் அரியணை ஏறிய விக்டோரியா அரசியின் பெயரே இச்செடிக்கு இடப்பட்டது.

செடியை இங்கிலாந்தில் வளர்க்க வேண்டுமென்னும் ஆவல் பலருக்கும் எழுந்தது. ஆனால், கப்பலில் வந்த விதைகள் முளைக்கவில்லை; முளைத்த சிலவும் விரைவில் மாண்டன. நீரில் வீழ்ந்து நீரிலேயே முளைக்கும் விதை, உலர்ந்தால் உயிர் இழக்கும் அன்றோ? 1849ஆம் ஆண்டில் தூய நீர் நிறைந்த சிறு குப்பிகளில் இட்டு அனுப்பிய விதைகளே இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் நன்கு முளைத்தன.

அந்நாற்றுகளுள் ஒன்றை அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பாக்ஸ்டன் என்பார் பெற்றுச் சென்றார். அவர் உழவர் குடியிற் பிறந்தவர். சாட்ஸ்வொர்த்து என்னும் இடத்தில் பிரபு ஒருவரின் தோட்டத் தலைவராக விளங்கியவர். செடி பிறந்த ஆற்றில் அது எவ்வாறு வாழ்ந்தது என்று அவர் முதலில் எண்ணிப் பார்த்தார். கண்ணாடி வீட்டினுள் தொட்டி ஒன்றை அமைத்து, அடியில் வளமான மண்ணை இட்டார். வெந்நீர்க் குழாய்களால் மண்ணையும் நீரையும் இடையறாது வெதுவெதுப்பாக வைத்தார். ஆற்றுநீர் அசைந்துகொண்டே இருப்பது போலத் தொட்டிநீரும் அசைதற்பொருட்டுச் சிறு சக்கரங்களைச் சுழலச் செய்தார். இலைகள் நாளுக்கு நாள் விரிந்து தொட்டியை நிறைத்தன, தொட்டியையும் பெரிதாக்கினார். நவம்பர்த் திங்களில் செடி பூத்தது! கியூ தோட்டத்துச் செடிகள் அவ்வாண்டு பூக்கவில்லை.

இம்மலரின் இயல்பு விந்தையானது. முதல் நாள் மாலையில் வெண்ணிறமாய் விரிந்து, நறுமணமும் வெப்பமும் வீசி வண்டுகளை அழைக்கும். பின்னர் இதழ்கள் குவிய, வண்டுகள் உள்ளே சிறைப்படும். மறுநாள் மாலை மலர் செந்நிறம் பூண்டு மீண்டும் விரியும். மகரந்தம் படிந்த வண்டுகள் விடுதலை பெற்று வேறொரு வெண்மலரை நாடும். கடமை முடித்த மலர் நீருள் அமிழும். அங்கேயே காய் முதிரும்.

மலரினும் இலையே பாக்ஸ்டனுக்கு ஆசிரியராயிற்று. அவர் தம் மகள் ஆனியை இலைமேல் நிற்கச் செய்தார், இலை அமிழவில்லை. இலையின் அடிப்புறத்தை நோக்கினார். நடுவிலிருந்து தடித்த நரம்புகள் நாற்புறமும் பரவின. அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைத்தன. நரம்புகளினுள் காற்றறைகள் இருந்தன. மெல்லிய இலை பெருஞ்சுமை தாங்குவது இவ்வமைப்பினால் அன்றோ?

1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சிக்கு மாபெரும் கூடம் ஒன்று தேவைப்பட்டது. இரும்புச் சட்டங்களும் கண்ணாடிப் பலகைகளும் கொண்டு அதனை விரைவில் எழுப்பலாம் என வரைந்து காட்டினார் பாக்ஸ்டன். 1848 அடி நீளமுள்ள அப்பளிங்கு மாளிகை சில திங்களிலேயே எழுந்தது. அறிஞர் அவையில் அல்லி இலை ஒன்றைக் காட்டி, தமக்கு வழிகாட்டியது இயற்கையே என அவர் விளக்கினார். பின்னர் வேறிடத்திற்கு மாற்றி அமைக்கப்பெற்ற அம்மாளிகை 1936ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று.

மாளிகை மறைந்தது, அல்லியோ மறையவில்லை. கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரத் தோட்டத்திலும் இதனைக் காணலாம். இவ்வினத்தில் மூன்றாம் வகை ஒன்று உண்டென்பது 2022ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அதன் மாதிரி கியூ தோட்டத்தில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தும், அதனை எவரும் தனி வகையென அறிந்திலர்!

செடியை வளர்ப்பவன் நீர் ஊற்றினால் மட்டும் போதாது. அதன் பிறப்பிடத்தையும் தேவையையும் உணர்தல் வேண்டும். கருத்தோடு பேணுவோனுக்குச் செடி மலரை மட்டுமன்றி அறிவையும் அளிக்கும்.