பெயரறியாக் குமரியும் தாராவும்

பெங்களூரின் பழைய நகரப் பகுதியில் திகளர்பேட்டை என்றொரு பேட்டை உள்ளது. அங்குள்ள தர்மராயசுவாமி கோயிலில், சைத்திர மாதத்து முழுநிலவு இரவில், மக்கள் உறங்குவதில்லை. நள்ளிரவு கடந்தபின் கோயிலின் வாயில் வழியாக ஒருவர் வெளியே வருவார். அவர் தலையில் மல்லிகைச் சரங்களால் மூடப்பட்ட கரகம் கோபுரம்போல் உயர்ந்திருக்கும். அதனைக் கை தாங்குவதில்லை. அவர் ஆண்மகன், ஆயினும் பெண்ணுக்குரிய உடையுடுத்து, வளையலும் தாலியும் அணிந்திருப்பார். அவரைச் சூழ்ந்து உருவிய வாள்களுடன் வீரகுமாரர்கள் வருவர். அந்த இரவில் அவர் திரௌபதியின் ஆற்றலைச் சுமப்பவர்.

இவ்விழாவை வழிவழியாக நடத்திவருபவர்கள் திகளர்கள். முற்காலக் கன்னடத்தில் ‘திகளர்’ என்னும் சொல் தமிழரையும் குறித்தது. தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னர் வந்து, தோட்டத்தொழிலில் சிறந்து விளங்கிய மக்கள் இவர்கள். இவர்களுள் பலருடைய வீட்டுமொழி கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழாகும். செஞ்சியை அடுத்த மேலச்சேரி முதலிய ஊர்களில் திரௌபதி அம்மனை வழிபடுவோர் தீமிதித்து நேர்ச்சை செலுத்துவதை அறிந்தவர்களுக்கு, திகளர்பேட்டையின் தெய்வம் புதியவள் அல்லள்.

கரகத்தின் கதை பாரதப்போர் முடிந்த பின்னர்த் தொடங்குகிறது. பாண்டவர்களுடன் விண்ணுலகம் நோக்கி நடந்த திரௌபதி வழியில் மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது திமிராசுரன் என்னும் அசுரன் எதிரே நின்றான். உடன் வந்தவர்கள் முன்னே சென்றுவிட்டனர். அவள் சக்தியாக உருவெடுத்தாள், தன்னிலிருந்தே வீரகுமாரர்களைத் தோற்றுவித்தாள், அசுரனை வென்றாள். அவள் புறப்பட்டபோது, “எங்களை விட்டுச் செல்லாதீர்கள்” என்று வீரகுமாரர்கள் வேண்டினர். ஆண்டுக்கொருமுறை வருவதாக அவள் வாக்களித்தாள். அந்த வாக்கை நிறைவேற்றுவதற்கு அவளுக்கு ஓர் உடல் வேண்டும். கரகம் சுமப்பவர் அதற்காகவே நோன்பிருந்து ஆயத்தமாகிறார். அவர் தடுமாறினால் வீரகுமாரர்களின் வாள் அவர்மேலேயே பாயும் என்பது மக்களிடையே வழங்கிவரும் பேச்சு.

இதே நகரில் 2006ஆம் ஆண்டில் வேறொரு வகையில் இந்தக் கதை மறுபிறப்பெடுத்தது. விர்ஜின் காமிக்ஸ் என்னும் நிறுவனம் அவ்வாண்டில் தோன்றியது. அதன் ஓவியக்கூடம் பெங்களூரில் இருந்தது. திரைப்பட இயக்குநர் சேகர் கபூரின் கற்பனையில் உருவான ‘தேவி’ என்னும் படக்கதை வரிசையை அந்நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. முகேஷ் சிங் அதன் முதன்மை ஓவியர்களுள் ஒருவர். கதையின் ஒரு பகுதியைச் சமித் பாசு எழுதினார்.

அக்கதையில், பாலா என்னும் தீய தெய்வத்தை அடக்குவதற்காகத் தேவர்கள் தேவி என்னும் போர்மகளைப் படைக்கின்றனர். இந்த அமைப்பு பழமையானது. மகிடாசுரனை அழிப்பதற்காகத் தேவர்களின் ஒளியெல்லாம் திரண்டு ஒரு பெண்ணுருவாயிற்று என்றும், சிவன் சூலமும் திருமால் ஆழியும் வாயு வில்லும் இமவான் சிங்கமும் தந்தனர் என்றும் தேவி மகாத்மியம் கூறுகிறது. அந்த மகிடனின் பெயரே மைசூருவின் பெயரில் இன்றும் ஒலிக்கிறது. அவனை வென்றவள் அங்குள்ள சாமுண்டி மலையில் கோயில் கொண்டிருக்கிறாள். தசராவுக்குச் சென்றுவந்த சிறுவர்கள் மலைமேல் வாளும் பாம்பும் ஏந்தி நிற்கும் மகிடனின் பெருஞ்சிலையைக் கண்டிருப்பர்.

படக்கதை, பழங்கதை நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்கிறது. ஊழிகள் பல கழிந்தபின், சீதாபூர் என்னும் கற்பனை நகரில் தாரா மேத்தா என்னும் இளம்பெண் வாழ்கிறாள். அவள் தவம் செய்தவள் அல்லள். போர்ப்பயிற்சி பெற்றவளும் அல்லள். பாலா மீண்டும் தலையெடுக்கும்போது, தேவியின் ஆற்றல் தாராவின் உடலில் வந்து சேர்கிறது. ஆனால் தாராவின் சொந்த மனம் மறைந்துவிடவில்லை. ஓருடலில் பழைய தெய்வமும் இக்காலப் பெண்ணும் இருக்க நேர்கிறது. பறக்கவும் போரிடவும் முடிகிறது என்பதற்காக அவள் மகிழ்ந்துவிடுவதில்லை. தனக்கு முன்பிருந்த வாழ்க்கை என்னவாயிற்று என்ற கேள்வி அவளை விடுவதாயில்லை. பாலாவுடனான போரைவிட இந்தக் கேள்வியே கதையில் சுவைமிக்கது.

வழிவழியாக வரும் ஆற்றலைப் பெண் ஏற்பது படக்கதை உலகில் அரிதாகவே நிகழ்ந்தது. லீ ஃபாக் 1936இல் படைத்த வீரன் ஒருவன், தமிழில் ‘வேதாளன்’ என்றும் ‘முகமூடி வீரர் மாயாவி’ என்றும் பெயர் பெற்று, இன்றைய சிறுவர்களின் பெற்றோரையும் பாட்டன்மாரையும் மகிழ்வித்தான். முகமூடியும் மோதிரமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதால், அவனுக்குச் சாவே இல்லை என்று காட்டு மக்கள் நம்பினர். அந்த நீண்ட ஆண்வரிசையில் ஒரே ஓரிடத்தில் மாற்றம் நேர்ந்தது. பதினேழாம் வேதாளன் காயமுற்றுக் கிடந்தபோது, அவனுடன் பிறந்த ஜூலி முகமூடியை அணிந்து கடமையாற்றினாள். அவன் நலம்பெற்றதும் முகமூடி அவனிடமே திரும்பிற்று. வேதாளர்களின் எண்ணிக்கையில் அவளுக்கு எண் இல்லை.

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2014இல் வெளியிட்ட கதை இதனினும் கடுமையானது. வட ஐரோப்பியப் பழங்கதைகளின் இடித்தேவனாகிய தோர், தன் சம்மட்டியைத் தூக்கும் தகுதியை இழக்கிறான். ஜேன் ஃபாஸ்டர் என்னும் பெண் அதனைத் தூக்குகிறாள். அவளோ புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுவருபவள். அவள் தோராக மாறும் ஒவ்வொரு முறையும், அவளுடைய உடலிலுள்ள மருந்து முழுவதும் வெளியேறிவிடுகிறது. உலகைக் காக்கும் பொழுதெல்லாம் நோய் வளர்கிறது. இதனை அறிந்தே அவள் சம்மட்டியைத் தூக்குகிறாள்.

ஒரு பெண்மேல் பேராற்றலை ஏற்றிவைக்கும் காட்சி தமிழில் மிகப் பழமையானது. படக்கதை ஓவியர்களுக்கும் வியப்பூட்டத்தக்க ஓர் ஒப்பனை சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் உள்ளது.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து செல்கின்றனர். வெயில் கொடிதாக இருந்தமையால், பாலை நிலத்தில் கொற்றவை கோயிலின் ஒருபுறம் தங்குகின்றனர். அங்கு வாழ்பவர்கள் எயினர். வில்லேந்தி ஆநிரை கவர்ந்து வாழும் வேட்டுவர். அவர்களுள் சாலினி என்பவள் தெய்வமேறி ஆடுகிறாள். பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிவிட்டது என்றும், எயினரின் மன்றங்கள் பாழ்பட்டன என்றும், மறக்குடியினர் அறக்குடியினரைப்போல் அடங்கிக் கிடக்கின்றனர் என்றும் அவள் இடித்துரைக்கிறாள். கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாவிடில் வில் வெற்றி தராது என்கிறாள். ஒரு குடியின் வாழ்வே அந்நேரத்தில் ஐயத்துக்கு இடமாகிறது.

உடனே எயினர், பழங்குடிப் பிறந்த ஒரு குமரியை அழைத்துவந்து கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். அவளுடைய குறுங்கூந்தலை உயர்த்தி, சிறிய வெண்பாம்புக் குட்டி போன்ற நாணால் சுற்றிக் கட்டுகின்றனர். காட்டுப்பன்றியின் வளைந்த வெண்கொம்பைப் பிறைநிலவாக முடியில் சூட்டுகின்றனர். புலியின் வாயைப் பிளந்து எடுத்த பற்களைக் கோத்துத் தாலியாக அணிவிக்கின்றனர். வரியும் புள்ளியும் கலந்த தோலை மேகலையாக உடுத்துகின்றனர். வலிய வில்லைக் கையில் தந்து, முறுக்கிய கொம்புடைய கலைமான்மேல் அவளை ஏற்றுகின்றனர். அணிகள் அனைத்தும் எயினர் தங்கள் காட்டிலிருந்து பெற்றவை. தங்களை அச்சுறுத்தும் விலங்குகளின் பல்லும் கொம்பும் தோலுமே அவளுக்கு வலிமையின் அடையாளங்கள் ஆகின்றன.

அதன்பின் வழிபடு பொருள்களைக் கொண்டுவருகின்றனர். அவற்றுள் பாவை உண்டு, கிளி உண்டு, காட்டுக்கோழியும் மயிலும் உண்டு, பந்தும் கழங்கும் உண்டு. கொற்றவைக்குப் படைக்கும் பொருள்கள் இவை. எனினும் பாவையும் பந்தும் கழங்கும் சிறுமியர் விளையாடும் பொருள்கள் அல்லவா? போர்த்தெய்வத்தின் கோலத்துக்குள் இருப்பவள் ஒரு சிறுபெண் என்பதை இளங்கோவடிகள் மறக்கவில்லை போலும். ஆயினும் அவளுடைய பெயரை அவர் கூறவில்லை. அவள் என்ன நினைத்தாள், கலைமான்மேல் அமர்ந்தபோது அஞ்சினாளா என்பதும் காப்பியத்தில் இல்லை. எயினருக்கு அப்போது வேண்டியவள் கொற்றவை; அந்தச் சிறுமி அல்லள்.

அதே இடத்தில் வேறொரு பெண்ணும் இருக்கிறாள். நடந்து களைத்துக் கணவனருகில் அமர்ந்திருக்கும் கண்ணகியைச் சுட்டி, இவள் கொங்கு நாட்டுக்கும் மேற்கு மலைநாட்டுக்கும் தென்தமிழுக்கும் உரிய திருமகள் என்று தெய்வமுற்றவள் உரைக்கிறாள். கண்ணகி அதனை ஏற்கவில்லை. மூதறிவுடையவள் ஏதோ மயங்கிச் சொல்லிவிட்டாள் என்று கூறி, நாணத்துடன் கோவலன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிப் புன்முறுவல் செய்கிறாள். தன்னிடம் என்ன ஆற்றல் உள்ளது என்பதை அவள் அப்போது அறியாள். சில நாள்களில் மதுரை எரிந்தது. அப்போது அவள் ஒதுங்குவதற்கு எவர் முதுகும் இல்லை. அவளுக்கு எவரும் புலிப்பல் தாலி அணிவிக்கவும் இல்லை. கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது.

பெயரறியாக் குமரிக்கும் தாராவுக்கும் இடையே நீண்ட காலம் கிடக்கிறது. இருவரிடமும் வந்து சேர்ந்த ஆற்றல் ஒன்றே. இருவரும் அதனைக் கேட்டுப் பெறவில்லை. எயினச் சிறுமி கோலம் கலைத்தபின் என்ன செய்தாள் என்பதை எவரும் கேட்கவில்லை. தாராவின் கதையோ அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. தெய்வத்தின் வலிமை வேண்டும், ஆனால் தாராவாகவும் இருக்க வேண்டும் என்று அவள் போராடுகிறாள். பழைய கதையைச் சொன்னவர்கள் குடியின் பக்கம் நின்று சொன்னார்கள். புதிய கதை பெண்ணின் பக்கம் நின்று சொல்லப்படுகிறது.

‘தேவி’ வரிசை 20 இதழ்களுடன் 2008இல் நின்றுவிட்டது. அவ்வாண்டிலேயே நிறுவனமும் பெயர் மாறியது. பழைய புத்தகக் கடைகளில் தேடினால் ஓரிரு இதழ்கள் கிடைக்கலாம். கரகம் நிற்கவில்லை. திகளர்பேட்டையிலிருந்து புறப்படும் அது, பழைய நகரின் தெருக்களில் சுற்றி, வழியில் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று, பொழுது புலர்ந்தபின் கோயிலுக்குத் திரும்புகிறது. தலையிலிருந்து கரகம் இறக்கப்படுகிறது. இரவெல்லாம் திரௌபதியைச் சுமந்தவர் வளையல்களைக் கழற்றுகிறார்.

அருஞ்சொற்பொருள்

ஊழி – நெடுங்காலப் பகுதி. ஆழி – சக்கரம். ஆநிரை – பசுக்கூட்டம். மறக்குடி – வீரமுடைய குடி. மேகலை – இடையில் அணிவது. பாவை – பொம்மை. கழங்கு – விளையாடும் காய். நாண் – கயிறு.

எழுதுக

1. கொற்றவையின் ஒப்பனையில் இடம்பெற்ற விலங்குப் பொருள்கள் எவை? அவை ஒவ்வொன்றும் எதற்குப் பயன்பட்டன?

2. கலைமான்மேல் அமர்ந்த சிறுமி, விழா முடிந்தபின் தன் தோழியிடம் பேசுவதாகப் பத்து வரிகள் எழுதுக. அவளுக்கு ஒரு பெயர் இடுக.

3. ஜூலிக்கு வேதாளர் வரிசையில் எண் தரப்பட்டிருக்க வேண்டுமா? வகுப்பில் இரு பிரிவாகப் பிரிந்து உரையாடுக.

4. ஊரிலிருந்து உம் பாட்டியோ தாயோ பெங்களூருக்குக் கொண்டுவந்து இன்றும் விடாமல் செய்துவரும் ஒன்றைப் பற்றி அவர்களிடமே கேட்டு எழுதுக. அதனை அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் குறிப்பிடுக.