குறிகளை அறிந்து செல்வோம்

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ளது புலாவ் உபின் தீவு. ‘பெஸ்தா உபின்’ விழாவின்போது வார இறுதிகளில் பல குடும்பங்கள் அங்குக் கூடுகின்றன.

அத்தீவின் கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே நீலச் சதுரக் குறி நடுத்தரப் பாதையைக் காட்டும். கறுப்புச் சாய்சதுரம் கடினமான பாதையைக் காட்டும். இரண்டு சாய்சதுரங்கள் இருந்தால், அது மிகக் கடினமான பாதை. பழக்கமில்லாதவர் அக்குறியைக் கண்டு திரும்பிவிடுவது கோழைத்தனம் அன்று.

சதுப்புநிலக் காட்டின் நடுவே ஓடும் சுங்கை ஜெலுத்தோங் ஆற்றில் கயாக் படகு ஓட்டலாம். அங்கே கடல்நீரின் ஏற்ற இறக்கமே குறி. நீர் வற்றினால் படகு சேற்றில் சிக்கிக்கொள்ளும். ஆகவே, நீர் ஏறும் நேரத்தை அறிந்தே புறப்பட வேண்டும்.

துணிவோடு கவனமும் சேர்ந்தால்தான் விடுமுறை இனிதாக முடியும்.