அயலவர் அடுப்பங்கரையிலிருந்து இரண்டு பிலிப்பீன்சு உணவுகள்

இப்பாடத்தின் நோக்கம்

நம் அயலில் வாழும் பிலிப்பீன்சுக் குடும்பங்களின் அன்றாட உணவுகளுள் இரண்டினை வீட்டில் எளிதாகச் சமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகின்றது. அவற்றைப் பிறருக்குப் பரிமாறுமுன் நாம் ஆற்றவேண்டிய கடமை ஒன்றையும் எடுத்துரைக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சமுதாய விருந்தொன்றில் பாகற்காய், கத்தரிக்காய், பூசணிக்காய் ஆகியன கலந்த கறி வைக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் சைவ உணவையே உண்டுவந்த முதிய அம்மையார் ஒருவர், "தம்பி, இது மரக்கறிதானே?" என்று என்னிடம் வினவினார். கண்ணாற் கண்டதை மட்டும் நம்பி, "ஓம் அம்மா" என்றேன். புளிக்கவைத்த இறால் விழுது அதில் சேர்ந்துள்ளதெனச் சமைத்தவர் கூறியபோது, அவர் பாதி உண்டு முடித்திருந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தட்டை மெல்ல ஒதுக்கிவைத்தார். சட்டம் பயின்ற நான், விசாரிக்காமல் சாட்சி சொல்லிவிட்டேன். அந்த விருந்தே இப்பாடத்திற்குக் காரணமாயிற்று.

1. கோழி அடோபோ

'அடோபோ' என்பது ஸ்பானியச் சொல். ஆயினும், இறைச்சியை வினாகிரியில் வேகவைக்கும் வழக்கம் ஸ்பானியர் வருகைக்கு முன்னரே அத்தீவுகளில் இருந்தது. வெப்ப நாட்டில் இறைச்சி விரைவில் கெடாதிருக்கப் புளிப்பும் உப்பும் துணைசெய்தன.

தேவையானவை (நால்வருக்கு): கோழித் தொடை இறைச்சி 1 கிலோ, வினாகிரி 120 மில்லிலீற்றர், சோயா சோஸ் 80 மில்லிலீற்றர், நசுக்கிய உள்ளி 8 பல், முழு மிளகு 1 தேக்கரண்டி, உலர்ந்த பே இலை 3 (இது நம் பிரிஞ்சி இலையன்று), தண்ணீர் 1 கோப்பை.

செய்முறை: எல்லாவற்றையும் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் ஊறவைக்கவும். பின்னர் அடுப்பிலேற்றிக் கொதிக்கவிடவும். கொதி வரும்வரை கிளறாதிருப்பது மரபு. வினாகிரியின் கார நெடி அடங்குமென்பர். மூடியிட்டு, சிறு தீயில் ஏறத்தாழ 35 நிமிடம் வேகவைக்கவும். மூடியைத் திறந்து குழம்பைச் சுண்டவிட்டு இறக்கவும். வினாகிரி அலுமினியத்தைத் தாக்குமாதலால், துருப்பிடிக்கா எஃகுப் பாத்திரமே ஏற்றது. சோயா சோஸில் உப்பு மிகுதி. எனவே தனியே உப்பு சேர்க்க வேண்டாம். இரத்த அழுத்தமுடையோர் உப்புக் குறைந்த வகையைத் தெரிவுசெய்யலாம்.

2. சைவப் பினக்பெட்

இது லூசோன் தீவின் வடபகுதியிலுள்ள இலோகானோ மக்களின் உணவு. 'சுருங்கியது' என்பது இப்பெயரின் பொருள். இதன் காய்கள் யாவும் நம் சந்தைக்கூடையில் உள்ளவையே. அங்கு சுவையூட்டுவது 'பகோங்' எனப்படும், மீன் அல்லது இறாலைப் புளிக்கவைத்த விழுது. அதற்கு மாற்றாக, சோயாவிலிருந்து ஆக்கப்படும் 'மிசோ' விழுதை இங்கு பயன்படுத்துகின்றோம்.

தேவையானவை: பூசணிக்காய் 200 கிராம், பயற்றங்காய் 150 கிராம், கத்தரிக்காய் 1, வெண்டிக்காய் 8, சிறு பாகற்காய் 1, தக்காளி 2, வெங்காயம் 1, உள்ளி 3 பல், இஞ்சி சிறு துண்டு, மிசோ 1 மேசைக்கரண்டி, எண்ணெய் சிறிதளவு.

செய்முறை: வெங்காயம், உள்ளி, இஞ்சி, தக்காளி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கவும். பூசணியையும் அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்த மிசோவையும் சேர்த்து 5 நிமிடம் மூடிவைக்கவும். பயற்றங்காயையும் பாகற்காயையும் இட்டு மேலும் 5 நிமிடம் வேகவிடவும். இறுதியாகக் கத்தரியையும் வெண்டியையும் சேர்க்கவும். அகப்பையால் கிளறினால் காய் குழையும். பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்குக. காய் வெந்து, நீர் வற்றியதும் இறக்குக.

பரிமாறுமுன் கவனிக்க வேண்டியவை

• சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை கலந்தது. மிசோவிலும் சோயா உண்டு. சில வகைகளில் பார்லியும் இருக்கும். பகோங்கில் மீன் அல்லது இறால் உண்டு. இவை பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

• ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் பொதியுணவின் சிட்டையில் இத்தகைய பொருள்கள் தடித்த எழுத்தில் குறிக்கப்படல் வேண்டும். முன்பு வாங்கிய பொருளாயினும், ஒவ்வொரு முறையும் சிட்டையை வாசிக்கவும்.

• அடோபோ பன்றி இறைச்சியிலும் சமைக்கப்படுவதுண்டு. பிறர் சமைத்ததாயின், உண்பவர் சார்பில் நீங்களே கேளுங்கள்.

• எஞ்சிய சோற்றையும் கறியையும் 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். வினாகிரி சேர்ந்த உணவென்று அசட்டையாக இருத்தலாகாது.

• உண்டபின் எவருக்கேனும் மூச்சுத் திணறலோ நா வீக்கமோ ஏற்படின், உடனே 000 இலக்கத்தை அழைக்கவும்.

பயிற்சி

1. உங்கள் சமையலறையிலுள்ள மூன்று சோஸ் போத்தல்களின் சிட்டைகளை வாசித்து, அவற்றிலுள்ள ஒவ்வாமைப் பொருள்களை எழுதுக.
2. பினக்பெட்டைக் கண்ட மாத்திரத்தில் மரக்கறியென உறுதிகூற இயலாதது ஏன்?
3. அடுத்த விருந்திற்கு நீங்கள் கொண்டுசெல்லும் உணவின் பொருள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறு அட்டையில் எழுதி, பாத்திரத்தின் அருகே வைக்கவும்.

மூன்றாம் பயிற்சியை நான் இன்றளவும் தவறாது செய்துவருகின்றேன்.