பழைய கணினி எழும்பவில்லையா? வெளியிலிருந்து உள்ளே போங்கள்



கோலா தெர்லாவில் எங்கள் கோவில் மண்டபத்து ஓரத்தில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்துப் பெட்டி. தேவார வகுப்பின் வருகைப் பதிவு, திருவிழாக் கணக்கு எல்லாம் அதில்தான். அவற்றைவிடப் பெரிய சொத்து ஒன்றும் அதில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த பெரியவர்களை எங்கள் பிள்ளைகள் பேசச் சொல்லிப் பதிவு செய்த குரல்கள். அவர்களில் ஒரு பாட்டி போன வருசம் தவறிட்டாங்க. முதல் வருசத் திதிக்கு அவர் குரலை வீட்டில் போட்டுக் கேட்கணும் என்று பேரன் வந்து கேட்டான். அன்றைக்குப் பார்த்துக் கணினி எழும்பவில்லை. விண்டோஸ் படம் வரும், நீலமாக ஒரு மின்னல் அடிக்கும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

"அண்ணே, ஒரு கடையில கேட்டேன். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிரும்னு சொல்றாங்க" என்றான் தம்பி ஒருவன்.

ஃபார்மட் செய்தால் பாட்டி குரலும் போயிரும். வேறு பிரதி எங்களிடம் இல்லை. பிரதி எடுத்து வைக்காதது எங்கள் தப்பு.

முதல் நாள் நானும் அவசரப்பட்டேன். ரேம், கேபிள் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கழற்றி மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, எதைத் தொட்டதால் எது மாறியது என்றும் தெரியவில்லை. மறுநாள் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டே விதிகள். வெளியிலிருந்து உள்ளே போகணும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, நடந்ததை எழுதி வைக்கணும். அந்த வரிசையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. விளக்கு எரியவில்லை, காற்றாடியும் சுற்றவில்லை

சுவர் பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். நம் மூன்று கால் பிளக்கின் உள்ளே சிறிய ஃபியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். நல்ல வயர் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்னால் உள்ள சுவிட்சை யாராவது அணைத்திருக்கலாம். சில பழைய பெட்டிகளில் அதன் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 115 பக்கம் தள்ளினால் பவர் சப்ளை கருகிப் போகும். அந்தப் பவர் சப்ளையை எப்போதும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

2. காற்றாடி சுற்றுது, திரை கருப்பாக இருக்கு

முதலில் திரையின் மின்வயர், படக் கேபிள் இரண்டையும் அழுத்திச் செருகுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்கணும். 'பீப் பீப்' என்று கத்தினால், எத்தனை தடவை, நீளமா குட்டையா என்று எழுதுங்கள். அந்தச் சத்தத்தின் பொருள் கணினிக்குக் கணினி மாறும்; மதர்போர்டின் கையேட்டில் பார்க்கணும். பல நேரம் ரேம்தான் காரணம். கேமரன் மலையின் பனிமூட்டமும் ஈரமும் நமக்குத் தெரியும். நாளாக ஆக அந்தப் பொன்னிறக் கால்களில் அழுக்குப் படியும். வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். மென்மையான அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

3. எழுத்து வருது, ஆனால் தேதி தப்பு

எங்கள் கணினியின் கதை இதுதான். எஃப்1 பட்டனை அழுத்து என்று திரையில் ஒரு வரி வந்தது. முதல் நாள் நான் அதைப் படிக்காமலே அழுத்திவிட்டேன். மறுநாள் படித்தேன். தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் 10 காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். 3 வோல்ட், பெயர் சி.ஆர்.2032. அது செத்துப் போயிருந்தது. தினமும் இரவு மண்டபத்து மெயின் சுவிட்சை அணைக்கிறோம். அப்போதெல்லாம் கணினியின் கடிகாரத்தை அந்த பேட்டரிதான் ஓட்டிக்கொண்டிருந்தது.

புதுசு போட்டுத் தேதியைத் திருத்தினேன். அப்போதும் நீல மின்னல் நிற்கவில்லை. காரணம் இதுதான்: பேட்டரி செத்ததும் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ஐ.டி.இ. என்று மாறியிருந்தது. விண்டோஸ் பழகியது ஒரு முறை, பெட்டி பேசியது இன்னொரு முறை. பயாஸில் அந்த ஒரே வரியை மாற்றினேன். எழும்பிருச்சு! டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஃபார்மட் செய்திருந்தால் காரணமே இல்லாமல் எல்லாவற்றையும் அழித்திருப்போம்.

பயாஸில் கை வைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். தெரியாத வரியைத் தொடாதீர்கள்.

4. டிஸ்க் இல்லை என்கிறது

செருகியிருக்கும் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிறகு டிஸ்க் கேபிளைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் மீட்க முடிந்ததும் போயிரும். தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் கோப்புகளை எடுக்கச் சொல்லுங்கள்.

கணினி எழும்பியதும் நான் செய்த முதல் வேலை பிரதி எடுத்ததுதான். ஒன்று பேரனிடம், ஒன்று கிளைச் செயலாளர் வீட்டில். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுபோனதால், அந்தப் பெட்டியை இப்போது இணையத்தில் இணைப்பதில்லை.

திதியன்று பூஜை முடிந்ததும் பாட்டியின் குரலைப் போட்டார்கள். பிள்ளைகள் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பாட்டி சிரிக்கும் இடம் வந்தது. பேரன் எழுந்து போய் ஒலியைக் கூட்டினான். யாரும் பேசவில்லை.

ஆயுத பூஜையில் கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்ல வழக்கம். இந்த வருசம் பொட்டு வைக்குமுன் மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். பேட்டரி எப்போது மாற்றியது என்று பாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி: உங்கள் கிளைக் கணினியில், போனால் திரும்பக் கிடைக்காத கோப்புகள் எவை? பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த வகுப்புக்குள் எடுத்துவிடுங்கள்.